யார் வீட்டுச் சாமான்

எந்தச் சாமானைக் கொண்டுபோய்க் காட்டினாலும் அவர் முதலில் கேட்பது அளவை அல்ல, ஆளை.

“இது யாரு வூட்டு சாமான், புள்ள?”

நான் கையில் மைக்ரோமீட்டரோடு நிற்பேன். சாக்கின் மேல் ஒரு சிலிண்டர் கிடக்கும். பழைய ஜேர்மன் ஆமைக்காரின் சிலிண்டர் மற்றக் கார்களுடையதைப் போல ஒரே கட்டியாக இருக்காது. நான்கும் தனித்தனி. ஒவ்வொன்றும் சுற்றிலும் செதில் செதிலாகத் தகடு வைத்த ஒரு சின்னப் பூச்சட்டி மாதிரி இருக்கும்.

“டவுன் பேக்கரி முதலாளி வீட்டுல கழட்டிப் போட்டிருந்தது, நர்ஸம்மா. விட்டம் சரியா இருக்கு. தேய்மானமும் கம்மி.”

“அண்ணன் தம்பியில மூத்தவனா, எளையவனா?”

“அதெல்லாம் கேக்கல.”

“பின்ன என்னத்தக் கேட்ட? எளையவன்னா வச்சிட்டுப் போ. மூத்தவன்னா கொண்டுபோயி அவங்கிட்டயே குடுத்துரு. அவன் காலால பொறந்தவன். எந்தப் பக்கம் இழுத்தாலும் எதிர்ப் பக்கம் போவான். அவன் ஓட்டுன வண்டி எப்படி நேரா தேஞ்சிருக்கும்?”

நான் படித்த தொழில்நுட்பக் கல்லூரியில் சிலிண்டர் தேய்வதற்குப் பல காரணங்கள் சொல்லித் தந்திருந்தார்கள். ஓட்டுபவர் பிறந்த விதம் அவற்றில் இல்லை.

அவர் பூண்டுலோயாப் பக்கம் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவிச்சியாக வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். ஊருக்கு அவர் நர்ஸம்மா. சுற்றியுள்ள தோட்டத்து டிவிஷன்களில் இன்று மீசை வைத்திருக்கும் ஆண்களிலும், அவர்களுக்குச் சோறு போடும் பெண்களிலும் பெரும்பாலானோர் அவர் கையில் விழுந்தவர்கள். யார் தலையால் வந்தார்கள், யார் காலால் வந்தார்கள், யார் அழாமல் கிடந்து அடிவாங்கி அழுதார்கள் என்று எல்லாம் அவருக்கு நினைவிருந்தது. நினைவிருந்தால் பரவாயில்லை. சொல்லவும் செய்வார். பஸ்ஸில் சொல்வார், கோயிலில் சொல்வார், கல்யாண வீட்டுப் பந்தியில் சொல்வார்.

ஒருமுறை டவுனில் தொழிற்சங்கக் கூட்டம். தலைவர் ஒருவர் மைக்கைப் பிடித்து முழங்கிக்கொண்டிருந்தார். முன்வரிசைக் கதிரையில் நர்ஸம்மா வந்து உட்கார்ந்தார். அவ்வளவுதான், தலைவரின் குரல் பாதியாக இறங்கியது. கூட்டம் சீக்கிரமே முடிந்தது. இறங்கி வந்து கும்பிட்டவரிடம் இவர் கேட்டார், “என்னா தலைவரே, சத்தம் பெருசா இருக்கு? ஒங்கள எடுத்தப்ப எடை பத்தாதுன்னு சந்தேகப்பட்டு கொழுந்து நிறுக்கிற தராசுல போட்டுப் பாத்தேன். முள்ளு அசையவே இல்ல.” சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தலைவரும் சிரித்தார், ஆனால் காது சிவந்துவிட்டது.

அதனால் ஊரில் பாதிப் பேர் அவரைக் கண்டால் கும்பிடுவார்கள். மீதிப் பேர் பக்கத்துக் கடைக்குள் நுழைந்துவிடுவார்கள்.

என்னையும் அவர்தான் எடுத்தார். “நீ கழுத்துல கொடி சுத்திப் பொறந்தவ. மூச்சு முட்டி வந்ததுனாலதான் ஒனக்கு எல்லாத்துலயும் அவசரம்.” என் அம்மாவுக்கு இந்த வாசகம் மிகவும் பிடிக்கும். நான் சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடும்போதெல்லாம் அதை ஒப்பிப்பார்.

அவசரம் என்பது உண்மைதான். படிப்பு முடிந்து, வேலை கிடைக்காமல், வீட்டில் உட்கார முடியாமல் அலைந்துகொண்டிருந்தேன். பெட்ரோலுக்கு நாட்கணக்காக வரிசையில் நின்ற வருடம் அது. வெளிநாட்டிலிருந்து வாகனச் சாமான் வருவதும் நின்றுபோயிருந்தது. அப்போதுதான் நர்ஸம்மாவின் அந்த ஆமைக்கார் செத்துப்போன செய்தி வந்தது. நான் அனுதாபத்தோடு போகவில்லை. காற்றிலேயே குளிரும் எஞ்சின் ஒன்றை வாழ்நாளில் பிரித்துப் பார்த்ததில்லை. பிரிக்க விடுவார்களா என்ற பேராசையோடு போனேன்.

கார் செத்த கதையை அவரே சொன்னார். மேல் டிவிஷனில் ஒரு பெண்ணுக்கு வலி கண்டுவிட்டது. தோட்டத்து லொறிக்கு டீசல் இல்லை. அம்புலன்ஸுக்கும் இல்லை. முச்சக்கரவண்டிகள் எல்லாம் வரிசையில் நின்றன. நர்ஸம்மாவின் காரில் மட்டும் பெட்ரோல் இருந்தது, ஏனென்றால் இப்படி ஒரு நாள் வரும் என்று அவர் கடைக்குக்கூட நடந்தே போவார். பெண்ணைப் பின்னால் படுக்கவைத்துக்கொண்டு நுவரெலியாவுக்கு விட்டிருக்கிறார். ராதெல்லை ஏற்றத்தில் பேன் பெல்ட் அறுந்துவிட்டது. அந்தக் காரில் ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் கிடையாது. பெல்ட் சுற்றும் காற்றாடி ஒன்றுதான் எஞ்சினைக் குளிர்விக்கும். அது நின்றால் நிறுத்திவிட வேண்டும். நிறுத்தச் சொல்லி டாஷ்போர்டில் சிவப்பு லைட்டும் எரியும்.

“லைட் எரிஞ்சதப் பாக்கலையா, நர்ஸம்மா?”

“பாத்தேன். பின்னாலயும் திரும்பிப் பாத்தேன். எது நிக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டேன்.”

ஆஸ்பத்திரி வாசல் வரை எஞ்சின் போயிருக்கிறது. வாசலில் இறுகி நின்றது நின்றதுதான். உள்ளே பெண் குழந்தை. காரை மரக்கறி லொறி ஒன்றின் பின்னால் கட்டி இழுத்து வந்தார்கள்.

நான் எஞ்சினைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தபோது அவருடைய மகன் கொழும்பிலிருந்து பேசினார். கம்ப்யூட்டர் கம்பனி ஒன்றில் வேலை. ஒரே பிள்ளை. நர்ஸம்மா போனை எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். அதனால் அந்த வீட்டில் ரகசியம் என்று எதுவும் கிடையாது.

“அம்மா, அந்த லைட் எரிஞ்சும் ஓட்டியிருக்கீங்க. நெருப்புப் புடிச்சிருந்தா? ராதெல்லையில உருண்டிருந்தா?”

“உருளல.”

“போதும்மா. இங்க ஒரு ஆளு அந்த வண்டிய அப்படியே எடுத்துக்கிறேங்கிறாரு, எஞ்சின் இல்லாட்டியும் பரவாயில்லையாம். குடுத்துட்டு எங்கூட வந்துருங்க.”

பெரிய சண்டை. நான் தலையை எஞ்சினுக்குள் விட்டுக்கொண்டு கேட்காதவள் மாதிரி நின்றேன். கடைசியில் ஓர் உடன்படிக்கைக்கு வந்தார்கள். மகன் தீபாவளி லீவுக்கு வருவார். லீவு முடிந்து திரும்பும் நாள், இந்தக் கார் அவரை ஏற்றிக்கொண்டு தலவாக்கலை ரயில்வே ஸ்டேஷன் வரை மலையேறிவிட்டால் நர்ஸம்மா இங்கேயே இருக்கலாம். ஏறாவிட்டால் கார் அந்த ஆளுக்கு, நர்ஸம்மா கொழும்புக்கு.

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “கேட்டுக்கிட்டியா, புள்ள? என்னா செய்யப் போற?”

அப்படித்தான் நான் அந்த எஞ்சினுக்குள் விழுந்தேன்.

கொழும்பு ஏன் பிடிக்காது என்று ஒருமுறை கேட்டேன். வசதி இல்லையா, மருமகள் பேச மாட்டாரா என்றெல்லாம் நினைத்திருந்தேன். “எல்லாம் நல்லாத்தான் இருக்கு. லிப்ட்ல ஒரு மனுசன் ஏறுவான், ஒரு மனுசன் எறங்குவான். யாரு, எப்படிப் பொறந்தான், எதுவும் எனக்குத் தெரியாது. அவங்ககிட்ட நான் என்னத்தப் பேசுறது? ஒரு மாசம் வாய மூடிக்கிட்டு இருந்தேன் புள்ள. வாய் நாறிப்போச்சி.”

தலவாக்கலையில் லேத் வைத்திருக்கும் சிங்கள மேஸ்திரி பாஸிடம் எஞ்சினின் வெளிக்கூட்டையும் அதற்குள் சுழலும் கிராங்கையும் கொண்டுபோய்க் காட்டினோம். அவர் தட்டிப் பார்த்தார், சுழற்றிப் பார்த்தார். “மேக்க ஹொந்தாய், நோனா,” என்றார். கூடு நல்லது. கிராங்கும் தப்பித்தது. சிலிண்டர் நான்கும், அதற்குள் ஓடும் பிஸ்டன்களும், ஒரு பக்கத்துச் சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டும் போய்விட்டன. அவற்றைத் தேட வேண்டும். ஒரு காலத்தில் கிளாக்கர், டீமேக்கர், டிஸ்பென்சர் என்று தோட்டத்து உத்தியோகத்தர் பலர் இந்தக் கார் வைத்திருந்ததால், திம்புள்ள முதல் வலப்பனை வரை பல வீடுகளின் கொட்டில்களில் அவற்றின் உறுப்புகள் கிடந்தன.

தேடப் போவது என்றால், பஸ் ஏறிப் போவது. நான் சாமானைப் பார்ப்பதற்கு முன் நர்ஸம்மா வீட்டை விசாரித்துவிடுவார். கார் யார் ஓட்டியது, எங்கே ஓட்டியது, யாருக்குக் கடன் கொடுத்தது, மாமியாரோடு பேச்சுவார்த்தை உண்டா. ஒரு வீட்டில் மூன்று சிலிண்டர்களை வரிசையாக எடுத்துவைத்துக்கொண்டு அந்த மனிதர் காத்திருந்தார். இவர் அவற்றைத் திரும்பியும் பார்க்கவில்லை. தேத்தண்ணீர் கொண்டுவந்த மருமகளை நிறுத்தி, கணுக்காலை அழுத்திப் பார்த்து, “இந்த வீக்கம் எப்ப இருந்து?” என்று கேட்டார். அடுத்த அரைமணி நேரம் சிலிண்டர்கள் முற்றத்தில் நனைந்தன. மழை தூறிக்கொண்டிருந்தது. அந்தப் பெண்ணைக் கிளினிக்குக்கு அனுப்ப ஏற்பாடு செய்துவிட்டுத்தான் எழுந்தார்.

“சிலிண்டர் பாக்கலையே, நர்ஸம்மா?”

“இந்த வூட்டுல எடுக்க வேணாம். மருமவ கால் வீங்கியிருக்கிறதப் பாக்காதவன், எஞ்சினுக்கு எண்ணெய் பாத்திருப்பானா?”

அந்தச் சிலிண்டர்களை நான் ஏற்கெனவே அளந்திருந்தேன். தங்கம் மாதிரி இருந்தன. பஸ்ஸில் வரும்போது அழுகையே வந்துவிட்டது.

அவருடைய முறை பலித்ததும் உண்டு, கவிழ்ந்ததும் உண்டு. டவுன் வியாபாரி ஒருவர் ஹெட் ஒன்றைக் காட்டி, ஒரே கை ஓட்டிய வண்டியில் கழற்றியது என்று சத்தியம் செய்தார். நர்ஸம்மா சொன்னார், “ஒரே கைதான். அந்தக் கை வண்டியோட கொத்மல ஓயா ஆத்துல விழுந்துச்சே, அதையும் சொல்லு. அன்னிக்கு அவன் பொண்டாட்டிக்கு நாந்தான் பிரசவம் பாத்துக்கிட்டு இருந்தேன். ஈரத் துணியோட ஓடி வந்தான்.” வியாபாரி ஹெட்டை மெதுவாக மேசைக்கு அடியில் தள்ளிவிட்டார்.

சரி, இவர் சொல்வதில் ஏதோ இருக்கிறது என்று நான் நம்பத் தொடங்கிய வேளையில் அடுத்தது நடந்தது. திம்புள்ளயில் ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை ஒருவர். அப்படி ஒரு பவ்வியமான மனிதர். பிறந்தபோது சத்தமே இல்லாமல் வந்து, கண்ணை மட்டும் உருட்டிப் பார்த்தாராம். “இவன் கை பட்ட சாமானுக்கு ஒரு கொறையும் வராது” என்று நர்ஸம்மா அவருடைய ஹெட்டை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். வீட்டில் மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தேன். வால்வுக்கும் பிளக்குக்கும் நடுவே ஒரு விரிசல், அதன் வழியே மண்ணெண்ணெய் கசிந்து என் காலில் சொட்டியது. நான் அவரைப் பார்த்தேன். வெற்றிப் பார்வைதான், மறைக்க முடியவில்லை.

கொஞ்சமும் அசரவில்லை. “மனுசன் நல்லவன்தான். அதுல மாத்தமில்ல,” என்றார். “நல்லவன் வூட்லயும் பான ஒடையுந்தானே?”

பிறகு வேறொரு நல்லவரைத் தேடினோம். அந்த ஹெட் தாங்கியது.

கடைசியில் சிலிண்டர்களில்தான் மாட்டிக்கொண்டோம். நான்கும் ஒரே அளவு இருக்க வேண்டும், நான்கு பிஸ்டனும் ஒரே எடை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எஞ்சின் உதறும். பிஸ்டன்களை நகைக்கடைத் தராசில் நிறுத்தேன். கடைக்காரர் கறுப்பு எண்ணெயைப் பார்த்து முகம் சுளித்தார். ஆனால் அவரையும் நர்ஸம்மாதான் எடுத்திருந்தார் என்பதால் ஒன்றும் சொல்லவில்லை. தேய்ந்த சிலிண்டரின் வாயருகே உள்பக்கம் ஒரு மெல்லிய விளிம்பு இருக்கும். பிஸ்டன் ஏறி இறங்கிச் சுவர் தேய்ந்திருக்கும், அதற்கு மேலே உள்ள இடம் தேயாமல் அப்படியே நிற்கும். அதைத் தடவிப் பார்க்கக் காட்டிக்கொடுத்தேன். நர்ஸம்மாவுக்கு அது மிகவும் பிடித்துப்போனது. “வரம்பு” என்று அதற்குப் பெயர் வைத்தார். எந்தச் சிலிண்டரை எடுத்தாலும் விரலை விட்டு வரம்பைத் தடவுவார். “இது கொஞ்சம் ஓடுனது. இது நெறைய ஓடுனது,” என்பார்.

மூன்று சேர்ந்துவிட்டன. நான்காவது சேரவில்லை. கிடைத்தவற்றில் ஒன்று பெரிது, ஒன்றில் ஆழமான கோடு. இன்னொன்று சரியாக இருந்தது, ஆனால் அது பேக்கரி மூத்தவனுடையது.

“நர்ஸம்மா, ஒண்ணே ஒண்ணு. அவரு காலால பொறந்ததுக்கு அந்த இரும்பு என்னா செய்யும்?”

“வேணாம் புள்ள.”

இணையத்தில் கிடந்து தேடினேன். கொழும்பில் ஒரு பழைய கடையில், சாமான் வருவது நிற்பதற்கு வெகுகாலம் முன்பு இறக்கிய ஒரு செட், பிரிக்காத பெட்டியோடு இருந்தது. நான்கு சிலிண்டர், நான்கு பிஸ்டன், ரிங் எல்லாம் சேர்த்து. புத்தம் புதுசு. படத்தைக் காட்டினேன். போனை வாங்கி, தள்ளி வைத்து, கிட்டே வைத்துப் பார்த்தார்.

“யாரு வூட்டு சாமான்?”

“யார் வீட்டுதும் இல்ல. புதுசு.”

“அப்ப வேணாம்.”

“என்னா நர்ஸம்மா, புதுசு எப்படிக் கெட்டதா இருக்கும்?”

“நல்லதுன்னு எப்படித் தெரியும்? இது யாரையாவது எங்கயாவது கொண்டுபோய்ச் சேத்திருக்கா? ஒரு ஏத்தம் ஏறியிருக்கா? பேரு ஊரு தெரியாத சாமான நம்பி ஒரு புள்ளத்தாச்சிய ஏத்திக்கிட்டு நடு ரோட்டுல என்னால நிக்க முடியாது.”

“அப்ப கொழும்புக்குப் போயிருவீங்களா?”

கத்திவிட்டேன் போலிருக்கிறது. அவர் போனை என் கையில் திருப்பிக் கொடுத்தார். எனக்கு முதல்முறையாக அவர்மீது கோபம் வந்தது. இது என்ன பிடிவாதம்? தன் வீட்டைத் தானே பூட்டிச் சாவியை எறிவதுபோல. மறுநாள் போனபோது கோழிகளை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பக்கத்து லயத்து வரிசைவீட்டுப் பெண்களிடம் கொடுத்துக்கொண்டிருந்தார். “இது அடைகாக்கும். இது முட்டைய ஒளிச்சி வைக்கும், வேலிப்பக்கம் பாத்துக்க,” என்று ஒவ்வொன்றின் குணத்தையும் சொல்லிக் கொடுத்தார். நான் கொட்டிலுக்குள் போய், செய்ய ஒன்றும் இல்லாமல், துடைத்த கிராங்கையே திரும்பத் துடைத்தேன்.

அன்று மகன் என் போனுக்கே பேசினார். அடிக்கடி பேசுவார், வேவு பார்க்கத்தான். “என்னாமா, எஞ்சின் எந்த அளவுல இருக்கு?”

“எல்லாம் சரி அண்ணே. சிலிண்டர்தான். கொழும்புல புதுசு ஒரு செட் இருக்கு, ஒங்கம்மா தொட மாட்டேங்கிறாங்க. பொறந்த கதை இல்லாத சாமானாம்.”

அவர் சிரித்தார். “நல்லது. அவங்க வாயாலயே தோத்துப்போறாங்க.” கொஞ்சம் பொறுத்து, “எந்தக் கடையாம்?” என்றார். சொன்னேன். ஏன் கேட்கிறார் என்று யோசிக்கும் நிலையில் நான் இல்லை.

தீபாவளிக்கு முதல் நாள் மத்தியானம் மகன் வந்து இறங்கினார். தோளில் பை, கையில் ஒரு சாக்கு. சாக்கின் கனம் அவரை ஒரு பக்கமாகச் சாய்த்திருந்தது. நர்ஸம்மா எடுத்துக் கொடுத்த தண்ணீரைக் குடித்தார், கொட்டிலுக்கு வந்தார், பிரிந்து கிடந்த எஞ்சினைப் பார்த்தார், சாக்கை அவிழ்த்தார்.

பத்திரிகைத் தாளில் சுற்றிய நான்கு சிலிண்டர்கள், நான்கு பிஸ்டன்கள். மேலெல்லாம் கறுப்பு எண்ணெய், தூசு.

“பழைய சாமான்தாம்மா,” என்றார், அம்மாவைப் பார்க்காமல். “ஒரு வண்டியில கழட்டுனது. தேவைப்படுமேன்னு.”

நர்ஸம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார். “யாரு வூட்டு சாமான்?”

“நீர்கொழும்புப் பக்கம். ஒரு டீச்சர். சிங்கள மிஸ். ரிட்டயர் ஆனவங்க.”

“எங்க ஓட்டுனாங்க?”

“மார்க்கெட்டுக்கு. சேர்ச்சுக்கு. வேற எங்கயும் இல்ல.”

“புருசன்?”

“இருந்தாரு. செத்துட்டாரு.”

நான் ஒரு சிலிண்டரை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினேன். உள்சுவர் முழுவதும் வலை பின்னியதுபோல் குறுக்கும் நெடுக்குமாக நுண்ணிய கோடுகள். கம்பனியில் கடைந்து அனுப்பும்போது போடும் கோடுகள் அவை. கொஞ்ச தூரம் ஓடினாலும் அழியத் தொடங்கிவிடும். இதில் ஒன்றும் அழியவில்லை. நிமிர்ந்தேன். மகன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நாள் முழுதும் கீபோர்டு தட்டும் அவருடைய நகக்கண்களில் கறுப்பு எண்ணெய் அப்பியிருந்தது. நான் சிலிண்டரைக் கீழே வைத்துவிட்டேன்.

“புள்ளைங்க?” நர்ஸம்மா விடவில்லை.

“ரெண்டு.”

“ரெண்டும் எங்க இருக்கு?”

“ஒண்ணு வெளிநாட்டுல. இன்னொண்ணு…” அவர் ஒரு பிஸ்டனை எடுத்துக் கையில் உருட்டினார். “இன்னொண்ணு கொழும்புல. தங்கிட்ட வந்து இருக்கச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருந்துச்சாம். மிஸ் போகமாட்டேன்னுட்டாங்களாம்.”

“ஏனாம்?”

“தெரியல. எனக்கு அது வெளங்கல, அந்தப் புள்ளைக்கும் வெளங்கியிருக்காது. கோவப்பட்டிருக்கும்.”

“பொறவு?”

“பொறவு விட்டுருச்சி.”

நர்ஸம்மா ஒரு சிலிண்டரை மடியில் சாய்த்துப் பிடித்தார். வழக்கம்போல் விரலை உள்ளே விட்டார். வாயருகே ஒரு சுற்றுத் தடவினார். வரம்பு இருக்க வேண்டிய இடத்தில் விரல் நின்றது. எதிர்ப்பக்கமாக இன்னொரு சுற்றுத் தடவினார். மகன் கூரைத் தகரத்தை அண்ணாந்து பார்த்தார்.

“அந்த மிஸ் இப்ப எப்படி இருக்காங்க?”

“நல்லா இருக்காங்க. தனியாத்தான் இருக்காங்க. மகன் வந்து வந்து பாத்துட்டுப் போகுதாம்.”

நர்ஸம்மா விரலை எடுத்தார். நுனியில் ஒட்டிய எண்ணெயை மகனுடைய சட்டைக் கையிலேயே துடைத்தார்.

“நல்ல குடும்பம்,” என்றார். “பூட்டு, புள்ள.”

தீபாவளியன்று ஊரெல்லாம் வெடி. நாங்கள் மூவரும் கொட்டிலில் இருந்தோம். நான் அண்ணன் என்று கூப்பிடும் அந்த மகன் லைட் பிடித்தார், போல்ட் நட்டைக் கலந்துவிட்டுத் திட்டு வாங்கினார். பிஸ்டன் ரிங்குகளை அமுக்கிப் பிடித்து நான் சிலிண்டரை இறக்கும்போது லைட்டை என் முகத்துக்கே அடித்தார். அடுத்த நாள் காரின் பின்பக்கம் எஞ்சினை ஏற்றிப் பூட்டினோம். நர்ஸம்மா சாவியைத் திருப்பினார். முதல் தடவை இருமியது. இரண்டாம் தடவை பிடித்துக்கொண்டது. அந்தக் கார்களுக்கே உரிய, தகர டப்பாவில் கல் உருட்டுவது மாதிரியான சத்தம். பக்கத்து லயத்துப் பெண் ஒருத்தி வேலிக்கு மேலாகக் கோழியை நீட்டி, “இந்தாங்க நர்ஸம்மா, இது முட்டைய ஒளிச்சி ஒளிச்சி என் உசுர எடுக்குது,” என்றாள்.

அண்ணன் திரும்பும் நாள் காலை, மூவரும் ஏறினோம். நான் முன்னால், அவர் பையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால். பூண்டுலோயாவிலிருந்து தலவாக்கலை வரை வளைந்து வளைந்து ஏற்றம். கார் ஏறியது. உதறவில்லை, புகைக்கவில்லை. சிவப்பு லைட் எரியவில்லை. சந்தோஷத்தில் எனக்கு இறங்கிக் கூடவே ஓட வேண்டும் போலிருந்தது.

ஒன்றே ஒன்றுதான் விளங்கவில்லை. கார் ஊர்ந்தது. ஒரு முச்சக்கரவண்டி எங்களைக் கடந்தது. கொழுந்து லொறி கடந்தது. ரோட்டோரமாக நடந்துபோன கொழுந்து பறிக்கும் பெண்கள் சிலர் எங்களோடு பேசிக்கொண்டே கொஞ்ச தூரம் வந்தார்கள்.

“அம்மா, கொஞ்சம் அழுத்துங்க. டிரெயின் போயிரும்.”

“அழுத்தக் கூடாது.”

“அதான் நல்லா இழுக்குதே. ஏன் அழுத்தக் கூடாது?”

நர்ஸம்மா கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தார். “ஏன்னு நீயே சொல்லு.”

அண்ணன் மடியிலிருந்த பையைத் தூக்கிப் பக்கத்தில் வைத்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஓடிப் பழகிய சிலிண்டரை இப்படித் தொட்டில் ஆட்டுவதுபோல் ஓட்டத் தேவையில்லை. புதுசுக்குத்தான் அந்தப் பவ்வியம். அந்தக் காலத்தில் புது எஞ்சின் போட்டவர்கள் மெதுவாகப் போகிறோம், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று பின்கண்ணாடியில் எழுதி ஒட்டிக்கொண்டே ஓட்டுவார்கள். இப்போது அப்படி ஊர்வது தவறு என்று இணையத்தில் சண்டை போடுகிறார்கள். அதைச் சொல்ல இது நேரமில்லை என்று எனக்கே தெரிந்தது. சொன்னால் அண்ணன் உண்டாக்கிய நீர்கொழும்பு மிஸ் செத்துப்போவார்.

அண்ணன் முன்னால் சாய்ந்து வேகமுள்ளைப் பார்த்தார். அம்மாவின் பிடரியைப் பார்த்தார். பிறகு சீட்டில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

“அந்த மிஸ்ஸும் இப்படித்தான் மெதுவா ஓட்டுவாங்களாம்,” என்றார்.

“ஓட்டியிருப்பாங்க,” என்றார் நர்ஸம்மா.

நாங்கள் ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்தபோது ரயிலின் கடைசிப் பெட்டி வளைவில் மறைந்துகொண்டிருந்தது. அண்ணன் பையோடு இறங்கி, வெறும் தண்டவாளத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஒப்பீஸுக்குப் போன் எடுத்து, நாளைக்குத்தான் வர முடியும், வண்டி பிரச்சினை என்றார். அடுத்து காரைக் கேட்டிருந்த அந்த ஆளிடம், இனி அதை எதிர்பார்க்க வேண்டாம் என்றார். திரும்பி வந்து கதவைத் திறந்தார்.

நர்ஸம்மா எஞ்சினை நிறுத்தவே இல்லை. “ஏறு,” என்றார். “போறப்பவும் இதே வேகந்தான்.”